தகட்டில் வளர்ந்த கை

கோயம்புத்தூருக்குத் தெற்கே, லாரிகள் திரும்ப இடமில்லாமல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் எங்கள் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், ஆடிக்காற்று தகரக் கூரையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், சாந்தாமணியின் பிளாக்கனிங் பட்டறைத் தொட்டியிலிருந்து வெளியே வந்த இரும்புத் தகட்டில் ஒரு குழந்தையின் கை இருந்தது. சதையும் எலும்புமான கை அல்ல. மயில் கழுத்து நிறத்தில் நீலமும் கறுப்புமாக மின்னிய தகட்டின் நடுவே நிறம் ஏறாமல் வெளிறிப்போன இடம், அவ்வளவுதான்; ஆனால் அதில் ஐந்து விரலும் இருந்தன, உள்ளங்கை இருந்தது, கட்டைவிரலுக்குக் கீழே பச்சைக் குழந்தைகளுக்கு இருக்கும் அந்தச் சதை மடிப்பும் இருந்தது. அது இடது கை. சாந்தாமணி தகட்டை இடுக்கியோடு தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரு இதைத் தொட்டது?" என்றுதான் கேட்டாள்.

எங்கள் தொழில் தெரியாதவர்கள் இது என்ன கேள்வி என்று நினைக்கக்கூடும். லேத்திலிருந்து வரும் இரும்பு எண்ணெயும் பிசுக்குமாகத்தான் வரும். அதைச் சோடாத் தண்ணீரில் வேகவைத்து, அலசி, துரு இருந்தால் ஆசிட்டில் முக்கி எடுத்து, மறுபடியும் அலசி, காஸ்டிக்கும் நைட்ரேட்டும் சேர்ந்து கொதிக்கும் தொட்டிக்குள் கூடையோடு இறக்கினால், சோறு வேகும் நேரத்துக்குள் இரும்பு தன் மேல்தோலைத் தானே கறுப்பாக மாற்றிக்கொள்ளும். பிறகு எண்ணெயில் போட்டு எடுத்தால் அத்தனை சுலபத்தில் துரு அண்டாது. பெயிண்ட் மாதிரி மேலே பூசிய நிறம் இல்லை, சுரண்டினால் பட்டை பட்டையாக உரிந்து வராது. அது இரும்பின் சொந்த நிறம். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு, அலசிய இரும்பில் வெறுங்கை படக்கூடாது. மனிதன் கையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருக்கும், அது பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது.

எனவே சாந்தாமணி கேட்டது நியாயமான கேள்வி. பதில்தான் இல்லை. பட்டறையில் இருந்தது அவளும், அவள் கணவன் மௌனசாமியும், கூடை இறக்கும் இரண்டு பெண்களும். நால்வரும் கையுறை போட்டிருந்தார்கள், நால்வரில் யாருக்கும் அந்த அளவில் கை கிடையாது. பெயர்தான் மௌனசாமியே தவிர வாய் மூடாத மனிதர் அவர். பூனையாக இருக்கும் என்றார், குரங்காக இருக்கும் என்றார், காஸ்டிக் சப்ளை செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். அடுத்த கூடையை அவர் கண் முன்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு இறக்கினார்கள். அதிலும் ஒரு தகட்டில் அதே கை விழுந்திருந்தது, அதற்கு அடுத்ததிலும் விழுந்தது, பிறகு ஒவ்வொரு நாளும் யாரோ வந்து போவதுபோல ஏதாவது ஒரு தகட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

பக்கத்து லேத் பட்டறை ஜெய்லானி பாய்தான் முதலில் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்தார். எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்காமல் நம்பாதவர் அவர். கல்யாண வீட்டு ஜாங்கிரியைக்கூட வெர்னியர் வைத்துப் பார்ப்பார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஒதுக்கி வைத்திருந்த பழைய தகடுகளையும் புதிதையும் வரிசையாகப் போட்டு, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை அளந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அளந்துவிட்டு, "தங்கச்சி, இந்தக் கை வளருது" என்றார்.

இதைச் சொல்லும்போது சாந்தாமணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகிப் பல வருஷம் அவளும் மௌனசாமியும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. ஒரு கட்டத்தில் அவள் போதும் என்று சொல்லிவிட்டாள். அழுகையெல்லாம் அழுது முடித்தபின், இனி இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்று தண்ணீர் குழாயை மூடுவதுபோல மூடிவிட்டாள். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கலாம் என்று மௌனசாமி மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கேட்டுப் பார்ப்பார். "யாரோ பெத்த புள்ளையக் கூட்டியாந்து, அது அம்மான்னு கூப்புடறப்ப நான் நடிக்கோணுமுங்க. எனக்கு நடிக்க வராதுங்க" என்பாள் அவள். நம் பிள்ளை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஏதாவது அடையாளம் இருக்கும், அடையாளமில்லாமல் ஆசை வைத்து இன்னொரு முறை உடைய என்னால் ஆகாது என்பதுதான் அவள் மனசு. அப்படிப்பட்டவள் தொட்டியில்தான் கை விழுந்தது, அதுவும் வளர்கிற கை.

அன்றிலிருந்து கூடையைத் தூக்கும்போது முதலில் சாந்தாமணியின் கண் கறுப்பைத் தேடவில்லை, கையைத் தேடியது. எங்களுக்கு அது தெரிந்தது, தெரியாத மாதிரி இருந்தோம். எங்கள் பேட்டை வம்பு பேசுவதில் யாருக்கும் சளைத்ததல்ல. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் நாகரிகமாகத்தான் நடந்துகொண்டோம், கொஞ்ச காலத்துக்காவது.

தகடுகள் போய்ச் சேர்வது ஒரு நூற்பு மெஷின் கம்பெனிக்கு. அங்கிருந்து தரம் பார்க்க வரும் வரதராஜன் முதல் கையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கி, "இதையெல்லாம் நாங்க எடுக்க முடியாதுங்க, கறை இருக்குது" என்று ஒதுக்கித் தள்ளினார். ஒதுக்கியதில் ஒன்று எப்படியோ தப்பி ஒரு மெஷினில் ஏறி, பல்லடம் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டது. அங்கே ஷிப்டுக்கு வரும் பெண்கள் மெஷினைப் போடுமுன் அந்தச் சின்னக் கையின்மேல் தங்கள் கையை ஒரு தரம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள், சும்மா வைக்கத் தோன்றியது என்றார்கள். மற்ற மெஷின்களுக்கும் கை வைத்த தகடு வேண்டும் என்று மில்லிலிருந்து கேட்டு வந்தது. வரதராஜன் மறுபடியும் வந்து, கறை என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல், "அந்த டிசைன் போட்டது இருந்தா குடுங்க" என்று கேட்டார்.

இப்படியாக அந்தக் கை எங்கள் பேட்டையின் பிள்ளை ஆயிற்று. எண்ணெய் போட்டு வைத்திருந்த தகட்டில் ஃபவுண்டரி வையாபுரி திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். இடது கையாகவே வருகிறதே, பீச்சாங்கைப் பழக்கம் போலிருக்கிறது, சோறு எந்தக் கையில் தின்னுமோ என்று டீக்கடையில் கவலைப்பட்டார்கள். மடிப்பு மறைந்து விரல் நீண்டபோது, தவழ்ந்தது போய் நடக்க ஆரம்பித்திருக்கும் என்று முடிவு செய்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார் மௌனசாமி. உள்ளங்கையில் கோடு கோடாகக் கீறல் விழுந்த நாளில், சுவரைச் சுரண்டி மண் தின்கிறது, பூச்சி மருந்து கொடுக்க வேண்டிய வயது என்றார்கள். யாருக்குக் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஜெய்லானி பாய் ஒவ்வொரு தகட்டையும் அளந்துவிட்டு, மயிரிழை கூடியிருந்தாலும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் லேத்தைப் போடுவார்.

பிறகு ஒரு நாள் ஆள்காட்டி விரல் மட்டும் வீங்கினாற்போல அகலமாக விழுந்தது. சாந்தாமணி தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அகலம் இல்லை, துணிக்கட்டு. துணியின் இழைகூட இரும்பில் பதிந்திருந்தது. அந்த வாரம் முழுக்க கட்டோடுதான் கை வந்தது, அந்த வாரம் முழுக்க சாந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஜெய்லானி பாய் தன்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னார்.

"கட்டு ஒழுங்காத்தான் போட்டிருக்காங்கம்மா. நல்லாப் பாத்துக்கறாங்கன்னுதான் தெரியுது."

"கட்டுப் போட ஆள் இருக்குதுங்க பாய். ஊதி விட ஆள் இருக்குதான்னு தெரியலீங்களே" என்றாள் சாந்தாமணி.

சொல்லிவிட்டு, தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த கணவனைப் பார்த்து, "ஏனுங்க, போலாமுங்க. எங்க எழுதிக் குடுக்கோணுமோ அங்க எழுதிக் குடுப்போம்" என்றாள். மௌனசாமி எத்தனை பொங்கலாகக் காத்திருந்த வார்த்தை அது! கையுறையைக்கூடக் கழற்றாமல் வண்டிச் சாவியைத் தேடினார்.

எழுதிக் கொடுத்த கையோடு பிள்ளை வந்துவிடுவதில்லை. சட்டம் கேட்டதையெல்லாம் கேட்டது, வீட்டைப் பார்த்தது, தொழிலைப் பார்த்தது, உடம்பைப் பார்த்தது, வரிசையில் நில் என்றது. அவர்கள் நின்றார்கள். நின்றுகொண்டிருக்கும்போதே விரல்கட்டு அவிழ்ந்தது, கை வளர்ந்தது, ஒரு கோடை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்தபோது நடுவிரல் ஓரத்தில் பென்சில் அழுந்திய தடம் விழுந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் தகடு சொல்லவில்லை. சாந்தாமணிக்கு இப்போது ஒரே பயம், கை பெரிதாகிப் பெரிதாகி, தேவைப்படாத வயதுக்கு வந்துவிடுமோ என்பது. கடைசியில் ஈரோட்டுக்கு அப்பால் ஒரு காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெண் குழந்தை, செவ்வந்தி என்று பெயர், ஓரளவு வளர்ந்தவள், வந்து பார்க்கிறீர்களா என்றார்கள். சாந்தாமணி அன்றைக்கு வந்த தகட்டைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாங்கள் வேலையை விட்டுவிட்டுத் தெருமுனைவரை வந்து பஸ் ஏற்றிவிட்டோம்.

காப்பகத்து வராந்தாவில் ஒரு பெஞ்சில் அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். தலையில் எண்ணெய் வைத்து வழித்து வாரி, ரிப்பன் கட்டி, பவுடர் போட்டிருந்தது. இதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்தவள் அவள். கேட்காமலே பெயரைச் சொன்னாள், கேட்காமலே ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடிக் காட்டினாள். மௌனசாமி எதையெதையோ பேசினார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டைப் பிரித்துத் தகட்டை அவள் மடியில் வைத்தார்.

"இதுமேல கை வெக்கறயா கண்ணு?"

அவள் வலது கையை வைத்தாள்.

"அந்தக் கைம்மா."

இடது கையை வைத்தாள். பொருந்தவில்லை. கொஞ்சநஞ்சம் அல்ல, எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. உள்ளங்கை அகலம், விரல்கள் அச்சைத் தாண்டி வெளியே நீண்டன, சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மௌனசாமியின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா என்று சாந்தாமணிக்கு அழுகைகூட வரவில்லை. செவ்வந்தி அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். பெரியவர்கள் முகத்தைப் படிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. மெதுவாக விரல் நுனிகளை உள்ளே மடக்கினாள், கட்டைவிரலை ஒடுக்கினாள், வளைந்த சுண்டுவிரலை மறு கையால் பிடித்து நேராக இழுத்து வைத்துக்கொண்டு, தன் கையை அந்தச் சின்னக் கைக்குள் அடக்கிவிடப் பார்த்தாள்.

"இப்பச் சரியா இருக்குதுங்ளா?" என்று கேட்டாள்.

சாந்தாமணி தகட்டை வெடுக்கென்று இழுத்துக் கீழே வைத்தாள். அது தரையில் பட்டு வராந்தா முழுக்கச் சத்தம் கேட்டது. "கைய நீட்டு சாமி. மடக்காத. நல்லா நீட்டு" என்றாள். அந்தப் பெண் பயந்துகொண்டே நீட்டினாள். அந்தக் கையை, அதன் எல்லா அகலத்தோடும் கோணலோடும் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சாந்தாமணி அழுதாள். நடிக்க வராது என்று அத்தனை காலம் சொன்னவளுக்கு, நடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. தேடிக்கொண்டு வந்தது ஒரு கையை, எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளை, இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

சட்டம் சொன்ன நாளில் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்கள் தெருவில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, ஆரத்தியோடு நின்றோம். ஜெய்லானி பாய் தகட்டுக் கையை அளந்த அளவை வைத்து, வளையல் கடையில் சொல்லி, டஜன் கணக்கில் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தார். ஒன்றும் ஏறவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், இரண்டு உடைந்ததுதான் மிச்சம். "அளவு வரலீங்களே" என்று வையாபுரி வருத்தப்பட்டார். வரதராஜன் சிரித்துக்கொண்டே, "நம்ம ஆர்டர் வேற, வந்த சரக்கு வேறயா?" என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர், வாய்தான் அப்படி. சிலர் சிரித்தோம். செவ்வந்தி சிரிக்கவில்லை.

இத்தோடு கை வருவது நின்றுபோயிருந்தால் பேச்சும் நின்றிருக்கும். நிற்கவில்லை. அடுத்த கூடையிலேயே வழக்கம்போல அந்தச் சின்ன இடது கை வந்தது. பாய் பழக்க தோஷத்தில் வெர்னியரோடு ஓடிவந்து அளந்து, வளர்ந்திருப்பதாகத் தெரு முழுக்கச் சொன்னார். அப்படியென்றால் அது இன்னும் எங்கேயோ இருக்கிறது, நிஜமான பிள்ளை இனிமேல்தான் வரப்போகிறது என்று டீக்கடையில் பேசினோம், பக்கத்துப் பெஞ்சில் செவ்வந்தி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பேசினோம். அவள் பன்னைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாந்தாமணி ஒன்றைக் கவனித்துக்கொண்டுதான் வந்தாள். அலமாரியில் கீழ்த்தட்டைச் செவ்வந்திக்கென்று காலி செய்து கொடுத்திருந்தது. அவள் அதில் ஒன்றும் வைக்கவில்லை. துவைத்த பாவாடையைக் காய்ந்ததும் தானே எடுத்து மடித்து, காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிடுவாள். ரிப்பன், சீப்பு, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பென்சில் எல்லாம் அந்தப் பைக்குள்தான். பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சாந்தாமணி சும்மா இருந்தாள்.

பன்னை வைத்துவிட்டு வந்த அந்தச் சாயங்காலம், சாந்தாமணி பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, செவ்வந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கண்ணு கெளம்பிட்ட?"

"கெளம்பலீங்க. சும்மாதான் மாட்டியிருக்கேன்." ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கை வந்துச்சுன்னா நான் எப்பப் போகோணும்? வந்த அன்னிக்கேவா? இல்ல, பள்ளிக்கொடம் லீவு உடற வரைக்கும் இருக்கலாமுங்ளா?"

வருத்தமோ கோபமோ அந்தக் குரலில் இல்லை, பஸ் நேரம் விசாரிக்கிற குரல்தான் இருந்தது. அதுதான் சாந்தாமணிக்குத் தாங்கவில்லை. அந்தக் கை வராது, அதெல்லாம் பொய், காஸ்டிக் கோளாறு என்று சொல்லிவிடலாம்; அது வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இந்தப் பிள்ளையிடம் சொல்லும் முதல் பெரிய வார்த்தை பொய்யாக இருக்கக்கூடாது என்று நினைத்தாள். ஈரக் கையோடு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வருமா வராதான்னு எனக்குத் தெரியாது சாமி. வந்தாலும் வரும். வந்துச்சுன்னா நீ பெரியவ, அது சின்னது. நீதான் அக்கா. தங்கச்சி பொறந்தா அக்காளை எந்த ஊட்லயாச்சும் அனுப்பிச்சு உட்ருவாங்களா?"

செவ்வந்தி அதை யோசித்தாள். வீடுகளில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது, அதனால் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மௌனசாமியைத் திரும்பிப் பார்த்து, "நெசமாங்ளா?" என்று கேட்டாள். வாய் மூடாத அந்த மனிதர் தலையை மட்டும் பலமாக ஆட்டினார், அவள் போதும் என்கிறவரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் உள்ளே போனாள். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. இருவரும் கதவோரமாக நின்று பார்த்தார்கள். பாவாடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஓரமாக நெருக்கி நெருக்கி அடுக்கினாள். சீப்பை வைத்தாள், ரிப்பனைச் சுருட்டி வைத்தாள். பாதித் தட்டு காலியாகவே இருந்தது.

"இன்னும் எடம் இருக்குதே கண்ணு, தாராளமா வெய்யி" என்றார் மௌனசாமி.

"அது அவளுக்கு" என்றாள் செவ்வந்தி. காலிப் பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்று, இருவரையும் கண்டிப்பாகப் பார்த்துச் சொன்னாள்.

"ஆனா சன்னல் பக்கம் நான்தான் படுப்பேன்."